கோழித்தூக்கம் போடும் கார்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மணி ஒன்றே முக்கால் இருக்கும். வெளியே விடாத மழை. என் மனைவிக்கு வீசிங் வந்துவிட்டது. மழைக்காலத்தில் வருவதுதான், இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியுடன் போர்டிகோவுக்கு ஓடினேன். ரிமோட்டை அமுக்கினேன். சத்தம் இல்லை. இன்னொரு முறை அமுக்கினேன். விளக்குகூட மின்னவில்லை. கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். கதவு அசையவில்லை. முந்தைய நாள் காலையில்தான் ஃபோனில் பார்த்தேன், பேட்டரி 78 சதவீதம். நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் அந்தக் காருக்குள் இருக்கிறது. ஆனால் கார் கல்லாக நிற்கிறது.

எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பினேன். அவர் தன் பன்னிரண்டு வருஷப் பழைய பெட்ரோல் காரில் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், விடிவதற்குள் மூச்சு சீரானது. காலையில் ஆஸ்பத்திரி கேன்டீன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"முப்பத்திமூணு வருஷம் கரண்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டினீங்களே, வாசல்ல நிக்கிற கார்ல கரண்ட் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியலையா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிய கதைதான் இது. நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இப்போது மின்சாரக் கார் வாங்குகிறார்கள். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, முழங்காலுக்கு இதம், பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்க வேண்டாம். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும்போது ஒருவரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விற்பது தவறு என்பது என் கட்சி.

மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு வீட்டில்கூட விளக்கு எரியாவிட்டாலும், அது சும்மா இருப்பதில்லை. இணைப்பில் இருக்கிற வரைக்கும் அதன் இரும்பு உள்ளகம் கொஞ்சம் கரண்டைத் தின்றுகொண்டே இருக்கும். இதற்கு அயர்ன் லாஸ் என்று பெயர். பழைய 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 260 வாட்ஸ். ராத்திரி பகல், வெயில் மழை, ஞாயிறு தீபாவளி எதுவும் அதற்குக் கிடையாது. நாங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் லைன் லாஸ் பார்ப்போம்.

மின்சாரக் காருக்கும் அயர்ன் லாஸ் மாதிரி ஒன்று உண்டு. இது என் புத்திக்கு எட்ட அறுபத்தெட்டு வயதும், ஒரு ராத்திரியும் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து அம்பாசிடரை நினைத்துப் பாருங்கள். சாவியைத் திருப்பி எடுத்தால் முடிந்தது. அது ஒரு இரும்புக் குவியல். ஊருக்குப் போகும்போது பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து மாட்டினால் உறுமிக்கொண்டு கிளம்பும். கிளம்பாவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளலாம். நமக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. நிறுத்தினால் அணைந்தது என்று அர்த்தம்.

இன்றைய மின்சாரக் கார் அணைவதில்லை. அது கோழித்தூக்கம் போடுகிறது. கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். ரிமோட் கூப்பிடுகிறதா என்று ஒரு பகுதி கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது, அது ஃபோன் டவருடன் பேசிக்கொண்டிருக்கும். திருட்டு அலாரம் விழித்திருக்கும். பேட்டரியைக் காவல் காக்கும் கம்ப்யூட்டர் அவ்வப்போது எழுந்து, ஒவ்வொரு செல்லும் சரியாக இருக்கிறதா, சூடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கும். ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் செலவுதான். ஆனால் இருபத்திநாலு மணி நேரச் செலவு. இங்கிலீஷ்காரன் இதை ரத்தக்காட்டேரி உறிஞ்சுவதாகச் சொல்கிறான். எனக்குக் கோழித்தூக்கம் போதும்.

நிறையப் பேர் நினைப்பது போல பேட்டரி தானாகக் கசிந்துவிடுவதில்லை. லித்தியம் பேட்டரி சும்மா வைத்தால் மாதத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான் குறையும். சூடு கூடினால் அதற்கு மேலும் கொஞ்சம். பழைய லெட் ஆசிட் பேட்டரியைவிட இது ரொம்ப மேல். பெங்களூரில் 2001ல் ரேவா கார் வந்தபோது அதில் இருந்தது லெட் ஆசிட் பேட்டரிதான். அந்த விஷயத்தில் நாம் எவ்வளவோ முன்னேறிவிட்டோம். ஆக, குறைவது பேட்டரியின் குற்றமல்ல. பேட்டரியைச் சுற்றி விழித்திருப்பவர்களின் சாப்பாட்டுச் செலவு.

அந்தச் செலவு எவ்வளவு? என் அனுபவக் கணக்கைச் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரி சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்னால் புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். 41 நாள். "ஃபுல்லா சார்ஜ் போட்டு வச்சிட்டுப் போங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று ஷோரூம் தம்பி சொன்னார். நூறு சதவீதம் ஏற்றி வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் 58. யாரும் காரைத் தொடவில்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றவில்லை. 42 சதவீதம் காணோம்.

பதறிப்போனேன். அப்புறம் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். எங்கள் கார் பேட்டரி 24 யூனிட் கொள்ளும். அதில் 42 சதவீதம் என்றால் பத்து யூனிட். 41 நாளுக்கு 984 மணி நேரம். வகுத்தால் பத்து வாட்ஸ். வராந்தாவில் ஒரு பத்து வாட்ஸ் எல்.இ.டி. பல்பை அணைக்க மறந்துவிட்டு ஊருக்குப் போனதற்குச் சமம். பணமாகப் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை. பெரிய நிறுவனமான டெஸ்லாவே தன் கையேட்டில், நிறுத்தி வைத்த கார் நாளொன்றுக்குச் சுமார் ஒரு சதவீதம் இழக்கும் என்று அச்சடித்து வைத்திருக்கிறது. எனக்கு ஆனதும் அதுதான்.

ஆனால் கேளுங்கள். தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிற ஆபீஸ்காரருக்கு இது கண்ணிலேயே படாது. அவர் வாரத்துக்கு 44 யூனிட் செலவழிக்கிறார், நின்றபடி போவது 1.7 யூனிட். நம் கதை வேறு. கோயில், காய்கறி மார்க்கெட், டாக்டர், ஒரு கல்யாணம் என்று நான் வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். அதற்கு ஏழரை யூனிட். நின்றபடி போவது அதே 1.7. ஓடுவதற்குச் செலவாவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்பதற்குச் செலவாகிறது. ஓய்வுபெற்றவர்களின் கார் ஓடுகிற கார் அல்ல, நிற்கிற கார். நிற்கிற காரின் குணம் நமக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

சரி, 78 சதவீதம் இருக்கும்போது கதவு ஏன் திறக்கவில்லை?

மறுநாள் வந்த மெக்கானிக் தம்பி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், பெரிய பேட்டரி நல்லா இருக்கு. சின்னது செத்துப்போச்சு."

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரி இருக்கிறது. வண்டியை ஓட்டுவது தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நடத்துவது பெட்ரோல் காரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை மோட்டாருடன் சேர்க்கும் சுவிட்சை மூடுவதே இந்தச் சின்ன பேட்டரியின் கரண்ட்தான். சின்னவன் படுத்துவிட்டால் பெரியவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. பீரோ நிறைய நகை, சாவி கிணற்றில் என்ற கதை.

பெரியது அவ்வப்போது சின்னதுக்கு ஊட்டும். சில கார்களில் ஓடும்போதும் சார்ஜ் ஏறும்போதும் மட்டும். எங்களுடையது போன்ற சிலவற்றில், நிற்கும்போதும் இடைவெளி விட்டு எழுந்து ஊட்டும். ஆனால் அது காருக்குத் தெரிந்த செலவுக்கான கணக்கு. காருக்குத் தெரியாத ஒரு செலவை நான் புதிதாகச் சேர்த்திருந்தேன்.

சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் ஆக்சஸரீஸ் கடையில் ஒரு டேஷ்கேம் மாட்டினேன். பூட்டிய காரையும் ராப்பகலாகப் படம் பிடிக்கும் ரகம். கடைக்காரர் அதை நேராகச் சின்ன பேட்டரியில் கோத்துவிட்டார். அது ஐந்து வாட்ஸ் தின்னும். 12 வோல்ட்டில் ஐந்து வாட்ஸ் என்றால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர். நம் சின்ன பேட்டரி 35 ஆம்பியர் அவர். புதிதாக இருந்தால் மூன்றரை நாள் தாங்கும். நம்முடையது திருச்சி வெயிலை நாலு கோடை பார்த்தது, பாதிச் சக்திகூட இருந்திருக்காது. மழை என்று மூன்று நாள் காரை எடுக்கவில்லை. நான்காம் ராத்திரிதான் அவளுக்கு மூச்சு முட்டியது. திருடனைப் படம் பிடிக்க வைத்த கேமராவே காரைத் திருடிவிட்டது.

மெக்கானிக் இன்னொன்றும் காட்டினார். ரிமோட்டின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கினால் உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வருகிறது. டிரைவர் கதவின் கைப்பிடி ஓரத்தில் அதற்கு ஒரு துவாரம். கதவு திறந்தது. மூன்றரை வருஷமாகச் சட்டைப்பையிலேயே இருந்த சாவி. எனக்குத் தெரியாது. அன்று அது தெரிந்திருந்தாலும் கார் கிளம்பியிருக்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் வெட்கமாக இருந்தது.

இப்போது அமெரிக்காவில் இருக்கும் என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். புனே பயணத்தில் போன அந்த 42 சதவீதத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. எங்கள் காரின் ஆப் அவன் ஃபோனிலும் இருக்கிறது. தினமும் காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை திறந்து பார்ப்பானாம். நிறையக் கார்களில் ஆப்பைத் திறந்ததும் தூங்குகிற கார் எழுந்துகொள்ளும். கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்து, பதில் சொல்லி, மறுபடி படுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "தூங்குறியா?" என்று எழுப்பிக் கேட்கிற வேலை.

இதைச் சோதித்துப் பார்த்தேன். பழைய லாக் ஷீட் பழக்கம், ஒரு நோட்டில் தினம் காலை ஆறு மணிக்கு அளவு எழுதினேன். முதல் வாரம் எல்லாம் முன்போலவே, மகனும் வழக்கம்போல ஆப் பார்த்தான். ஏழு சதவீதம் இறங்கியது. இரண்டாவது வாரம் ஆப்பை யாரும் தொடவில்லை, தேவையில்லாத வசதிகளை அணைத்தேன், டேஷ்கேமைக் கழற்றினேன். இரண்டு சதவீதம்தான் இறங்கியது. என் கார், என் நோட்டு. உங்கள் காரில் எண் மாறும், போக்கு மாறாது.

மகனிடம் சொன்னபோது அவன் ஒரு வாதம் வைத்தான். "பத்து வாட்ஸ்தானேப்பா, அதுக்குப் போய் இவ்வளவு கவலையா?" பத்து வாட்ஸ் பெரிசில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். என் கவலை ரூபாய் அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே இரண்டு கிழங்கள், வாசலில் ஒரு கார். அந்தக் கார் ஒரு தைரியம். ராத்திரி எது நடந்தாலும் வாசலில் வண்டி இருக்கிறது என்ற தைரியம். அந்தத் தைரியம் உண்மையா பொய்யா என்பதுதான் கேள்வி.

இன்னொரு வாதம் எதிர்வீட்டுத் தம்பியுடையது. "பேசாம பெட்ரோலுக்கே மாறிடுங்க சார்." அவர் கார்தான் அன்று காப்பாற்றியது, எதிர்த்துப் பேச வாயில்லை. ஆனாலும் உண்மை என்னவென்றால், இப்போதைய பெட்ரோல் காரும் முழுசாகத் தூங்குவதில்லை. ஒன்றிரண்டு மாதம் நிறுத்திவிட்டு வந்தால் அதன் 12 வோல்ட் பேட்டரியும் படுத்திருக்கும். கொரோனா ஊரடங்கு முடிந்தபோது தெருவுக்குத் தெரு ஜம்ப் கேபிளோடு மெக்கானிக்குகள் அலைந்தது மறந்துவிட்டதா? குற்றம் கரண்டில் இல்லை, நம் அறியாமையிலும், நம்மை அறியாமையில் விட்டவர்களிடமும் இருக்கிறது.

என் நோட்டிலிருந்து, நம்மைப் போன்றவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆப்பைச் சும்மா சும்மா திறக்காதீர்கள். பிள்ளைகள் ஃபோனிலும் அது இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, நிற்கும்போது வேலை செய்கிற வசதிகள் என்னென்ன என்று சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து கேளுங்கள். சுற்றிலும் கேமராவால் காவல் காப்பது, வெயிலில் உள்ளே சூடேறாமல் ஏ.சி. போட்டுக்கொள்வது, குறித்த நேரத்தில் தானாகக் குளிர்விப்பது எல்லாம் சில கார்களில் உண்டு. வீட்டுக்குள் நிற்கிற காருக்கு இவை அவசியமில்லை. அணைத்துவிடுங்கள். வெளியே வாங்கி மாட்டிய டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி இருந்தால், வோல்டேஜ் இறங்கினால் தானாக நின்றுவிடும்படி வயரிங் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, நிழல். சூடு பேட்டரிக்கு எதிரி. அதுவும் நூறு சதவீதம் நிறைந்த பேட்டரி வாரக்கணக்கில் சூட்டில் நின்றால் ஆயுள் குறையும். ஆக, ஷோரூம் தம்பி சொன்ன "ஃபுல்லா போட்டு வையுங்க" நேர்மாறான யோசனை. நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது ஐம்பது அறுபது சதவீதத்தில் விடுவது நல்லது. அதே சமயம் பத்து பதினைந்தில் விட்டுவிட்டும் போகக் கூடாது. இறங்கி இறங்கி அடிமட்டத்துக்குப் போனால் செல்லே கெட்டுவிடும்.

நான்காவது, பிளக்கில் மாட்டிவிட்டே போகலாமா என்று கேட்பார்கள். சில நிறுவனங்கள் அப்படித்தான் சொல்கின்றன, எண்பது சதவீதத்தில் நிற்கும்படி அளவு வைக்கும் வசதி இருந்தால் நல்ல வழிதான். ஆனால் கரண்ட் ஆபீஸ்காரனாக ஒன்று சொல்வேன். அந்த 15 ஆம்பியர் பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா, தனி எம்.சி.பி.யும் கசிவு வந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான். ஆள் இல்லாத வீட்டில், இடி மின்னல் காலத்தில், நான் மாட்டிவிட்டுப் போக மாட்டேன்.

ஐந்தாவது, சின்ன பேட்டரியை மறக்காதீர்கள். மூன்று வருஷம் தாண்டினால் ஒவ்வொரு சர்வீஸிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஆபத்து. வாரத்தில் இரண்டு நாளாவது காரை அரை மணி ஓட்டுங்கள். ஊருக்குப் போனால் நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, பத்து நாளைக்கு ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். மாத ஊர்ப்பயணம் என்றால் சின்ன பேட்டரியின் டெர்மினலைக் கழற்றலாமா என்பதை உங்கள் கார் கையேட்டைப் பார்த்தோ சர்வீஸ் ஆளைக் கேட்டோ முடிவு செய்யுங்கள். சில கார்களில் கழற்றினால் டிக்கியே திறக்காது. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடவே தொடாதீர்கள், அது பெரிய பேட்டரியின் வயர், உயிர் போய்விடும்.

ஆறாவது, சின்ன பேட்டரி படுத்துவிட்டால் இன்னொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டு எழுப்பலாம், எங்கே மாட்டுவது என்று கையேட்டில் படம் இருக்கும். ஆனால் நம் மின்சாரக் காரிலிருந்து பக்கத்து வீட்டுக் காரை எழுப்பப் போகாதீர்கள். நிறைய நிறுவனங்கள் அதை வேண்டாம் என்கின்றன. இரும்புச் சாவி எங்கே இருக்கிறது, துவாரம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு முறை திறந்து பழகுங்கள்.

இன்னொன்று, சில நாள் சதவீதம் சட்டென்று இறங்கினால் உடனே பயப்படாதீர்கள். எல்.எஃப்.பி. என்று ஒரு ரக பேட்டரி இருக்கிறது. அதில் மீதி எவ்வளவு என்று அளப்பது காருக்கே கஷ்டம், மதிப்பீடு விலகிப்போய்ப் பிறகு திருத்திக்கொள்ளும். அந்த ரகத்தில் அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வதே அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான். ஊட்டி, கொடைக்கானல் குளிரிலும் கொஞ்சம் குறைவாகக் காட்டும், கீழே இறங்கினால் வந்துவிடும். ஓடும் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், அது நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். சதவீதத்தைப் பாருங்கள்.

இத்தனையும் நாம் செய்கிறோம். விற்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கார் டெலிவரி அன்று பட்டுத் துணி போர்த்தி, கேக் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து ஃபோட்டோ எடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. உண்மையான சாவியின் உள்ளே ஒரு சாவி இருக்கிறது என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. கையேடு முந்நூறு பக்கத்துக்கு மேல், இங்கிலீஷில், பொடி எழுத்தில். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அது எட்டாது. தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும். ஊருக்குப் போனால் என்ன செய்வது, வண்டி எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது. இதை அச்சடித்துக் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகும்?

அடுத்தது, காருக்குள் 'வெளியூர்' என்று ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் பூட்டும் பேட்டரிக் காவலும் தவிர எல்லாம் முழுத்தூக்கம் போட வேண்டும். பத்து மெனுவுக்குள் போய்ப் பத்து வசதிகளை அணைக்கும் வேலையை எழுபது வயதுக்காரரிடம் விடக் கூடாது.

கடைசியாக, முக்கியமாக, எண்ணைச் சொல்லுங்கள். 2006ல் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு நட்சத்திர ஸ்டிக்கரைக் கொண்டுவந்தது. இன்று ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. கார் விளம்பரத்தில், ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நின்றால் எத்தனை வாட்ஸ் என்று பொடி எழுத்தில்கூட இல்லை. ஒரு காரின் வாழ்நாளில் பெரும்பகுதி நிற்பதில்தான் போகிறது. ஃபிரிட்ஜுக்கு இருக்கிற ஸ்டிக்கர் காருக்கும் வேண்டும். அப்படி ஒன்று ஒட்டச் சொன்னால், குறைவாகத் தின்கிற காரைச் செய்ய நிறுவனங்களே போட்டி போடும். ஏ.சி.யிலும் ஃபிரிட்ஜிலும் அதை நாம் பார்த்தோமே.

இப்போது எங்கள் வீட்டில் நிலைமை இது. சின்ன பேட்டரி புதிது. டேஷ்கேம் வண்டி ஓடும்போது மட்டும் வேலை செய்கிறது. இரும்புச் சாவியைப் பயன்படுத்த என் மனைவிக்கும் தெரியும். நெபுலைசர் மெஷின் ஒன்று வீட்டுக்கே வாங்கிவிட்டோம். 108ஐ முதலில் கூப்பிடுவது, காரை இரண்டாவதாக நம்புவது என்று ஓர் உடன்பாடும் ஆகிவிட்டது. அன்று ராத்திரி எனக்கு அந்த மூன்று எண்கள் ஞாபகத்துக்கே வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மகனிடம் ஆப்பை எடுத்துவிடச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். "சார்ஜ் எவ்வளவுன்னு பாக்கறதுக்கு இல்லப்பா. வண்டி நேத்து நின்ன இடத்திலேர்ந்து நகர்ந்திருக்கான்னு பாப்பேன். நகர்ந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

எனக்கும் பேச்சு வரவில்லை. பிறகு, அதற்கு அம்மா ஃபோனுக்கே கூப்பிடு, அதன் பேட்டரி தீர்ந்தால் பரவாயில்லை என்றேன். இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறான். கார் நிம்மதியாகத் தூங்குகிறது.